கடிதமாகத் தாருங்கோ

யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டத்தை நிறுத்த நினைப்பவர் கடிதம் எழுதமாட்டார், போன் எடுப்பார். அதுவும் நேரே உங்களுக்கு எடுக்கமாட்டார். துறைத்தலைவருக்கு எடுப்பார், இல்லாவிட்டால் உங்கள் அப்பாவோடு ஒன்றாகப் படித்த யாரையாவது பிடித்து அவர் வாயால் சொல்விப்பார். "வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை பிள்ளை, இப்ப வேண்டாம் எண்டுதான் சொல்லுறம்." இந்த வசனத்தை ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கிறார், சீருடை போடாமல் வந்த அதிகாரி ஒருவரும் சொல்லியிருக்கிறார். அதிகாரி "மெடம்" என்றார். மற்றப்படி வசனம் ஒன்றுதான்.

நான் இங்குள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் ஒப்பந்த அடிப்படையில் சமூகவியல் படிப்பிக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நானும் வரலாறு படிப்பிக்கும் அண்ணை ஒருவரும், நூலகத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவரும் சேர்ந்து மாதாமாதம் ஒரு கலந்துரையாடல் நடத்துகிறோம். பெரும்பாலானவை சத்தமில்லாமல் முடிந்துவிடும். தோட்ட நிலங்களின் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பது பற்றி ஒருவர் அருமையாகப் பேசினார். வந்தவர்களில் பாதிப்பேர் தேத்தண்ணிக்கும் வடைக்கும் வந்தவர்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் இரண்டு கூட்டங்கள் அப்படி முடியவில்லை. அவற்றை நடத்தி முடித்ததில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கருத்துச் சுதந்திரம் என்றவுடன் எல்லோரும் துணிச்சலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் துணிச்சல் ஒரு பின்னேரத்துக்குக் காணும். அதற்கு மேல் தாங்குவது கோப்புத்தான்.

இந்த ஊரில் பேச்சுக்கு என்ன விலை இருந்தது என்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும், இங்கே இன்று இருபது வயதாகும் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது புலிகள் என்பதை அவரது குடும்பத்தினரும் உடன் பணியாற்றியவர்களும் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். அவரும் வேறு மூன்று ஆசிரியர்களும் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' இலங்கை அரசையும் இந்திய இராணுவத்தையும் தமிழ் இயக்கங்களையும் ஒரே தராசில் நிறுத்திய நூல். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பை அவர்கள் தொடங்கியது 1988இல். ரஜனியின் கொலைக்குப் பிறகு அதன் வேலையை யாழ்ப்பாணத்தில் இருந்து செய்ய முடியாமல் போனது. நாடகமும் அரங்கியலும் படித்த கவிஞர் செல்வி 1991இல் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டார். திரும்பி வரவில்லை.

மற்றப் பக்கத்துக் கணக்கும் குறைந்ததில்லை. 2012 நவம்பர் 27 அன்று மாவீரர் நாள் விளக்கேற்றியதற்காக இராணுவம் பல்கலைக்கழக மாணவர் விடுதிக்குள் புகுந்தது. மறுநாள் ஊர்வலம் அடித்துக் கலைக்கப்பட்டது. மாணவர் தலைவர்கள் நால்வர் கைதாகி வெலிக்கந்தை முகாமுக்கு 'புனர்வாழ்வு' என்று அனுப்பப்பட்டார்கள். 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வளாகம் சோதனையிடப்பட்டபோது, மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் அங்கே இருந்த புலிகள் தொடர்பான படங்களுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். அதே வருடம், நாவற்குழியில் 1996இல் இராணுவத்திடம் அகப்பட்டுக் காணாமற்போனவர்களுக்கான ஆட்கொணர்வு மனுக்களில் ஆஜரான சட்ட விரிவுரையாளர் குமாரவடிவேல் குருபரனை வெளியே வழக்காடக் கூடாது என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தடுத்தது. 2020 ஜூலையில் அவர் பதவியை விட்டார். 2021 ஜனவரி 8 இரவு பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டதும், போராட்டத்துக்குப் பிறகு அது திரும்பக் கட்டப்பட்டதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

பிறகு 2023 ஒக்டோபர் கடைசி. பல்கலைக்கழகச் சட்டத்துறையில் சட்டத்தரணி சுவஸ்திகா அருலிங்கம் பேசவிருந்த நிகழ்வு நடக்காமல் போனது. வேறோரிடத்தில் அவர் புலிகளைப் பாசிச அமைப்பு என்று சொன்னதற்கு மாணவர் தரப்பில் எழுந்த எதிர்ப்புத்தான் காரணம். அன்று அவர் பேசவிருந்ததோ நீதித்துறையின் சுதந்திரம் பற்றி. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் முப்பது வருடத்தை அடக்கிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் "எப்படிச் சொல்லுறீங்கள், ஆதாரத்தோடை சொல்லுங்கோ" என்று அவரைக் கேட்பதற்கு அந்த மண்டபத்தைவிட நல்ல இடம் எது? கேள்வி கேட்கும் வாய்ப்பு மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் இல்லாமல் போனது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

1990 ஒக்டோபர் முடிவில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மொத்தம் 70,000 பேருக்கு மேல். யாழ்ப்பாண நகரத்தில் அந்த நாள் ஒக்டோபர் 30. ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். சோனகதெருவிலிருந்து சின்ன வயதில் அப்படிப் போய், புத்தளத்தில் முகாமில் வளர்ந்து, திரும்பி வந்திருக்கும் ஒருவரைப் பேசக் கூப்பிட்டோம். மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டப் புள்ளி முறை, பிரதேச செயலகத்தில் பதிவு என்று அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. அழைப்பிதழில் தலைப்பை மொட்டையாகவே போட்டோம்: "1990 ஒக்டோபர்: யாழ்ப்பாண முஸ்லிம்களின் வெளியேற்றம்." கேள்விக்குறி, ஆச்சரியக்குறி ஒன்றும் இல்லை. இது நான் எல்லோருக்கும் சொல்லும் புத்தி. தலைப்பில் கவர்ச்சி வைத்தால், கூட்டத்துக்கு முதலே தலைப்போடு சண்டை முடிந்துவிடும். பேச்சாளர் வந்து என்ன சொன்னாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

அழைப்பிதழ் வட்ஸ்அப்பில் போன அன்றே போன்கள் தொடங்கின. ஓய்வுபெற்ற அதிபர். கனடாவில் இருந்து பழைய மாணவர் ஒருவர். ஊர்ச் சங்கம் ஒன்றின் செயலாளர். எல்லோருடைய கவலையும் நேரம் பற்றியதுதான். "கார்த்திகை பிறக்கப்போகுது, இப்ப ஏன்?" அதிபரிடம் நான் பணிவாகத்தான் கேட்டேன்: "அப்ப எந்த மாதம் ஐயா வசதி?" அவர் உண்மையாகவே யோசித்தார். யோசித்துப் பாருங்கள், நீங்களும். தையில் 1974 தமிழாராய்ச்சி மாநாட்டுப் படுகொலை. மே மாதம் முள்ளிவாய்க்கால், அது முடிய நூலக எரிப்பு. ஜூலை சொல்லத் தேவையில்லை. ஓகஸ்டில் நல்லூர்க் கொடியேறினால் ஊரே அங்கேதான். செப்டெம்பர் திலீபன். ஒக்டோபர் 21 ஆஸ்பத்திரிப் படுகொலை. நவம்பர் மாவீரர். எங்கள் நாட்காட்டியில் துக்கம் இல்லாத மாதத்தைத் தேடித்தான் முஸ்லிம்களின் துக்கத்தை வைக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு முறை வராது. ஐயா கடைசியில் சிரித்துவிட்டார். ஆனால் "பாத்துச் செய் பிள்ளை" என்பதை விடவில்லை.

எல்லோருக்கும் ஒரே பதில் சொல்வதென்று நாங்கள் மூவரும் முதலிலேயே பேசி வைத்திருந்தோம்: "உங்கட ஆட்சேபனையைக் கடிதமாகத் தாருங்கோ. என்ன காரணம், என்ன செய்யச் சொல்லுறீங்கள், ஆர் சொல்லுறீங்கள் எண்டு எழுதித் தாருங்கோ. நிறுவனத் தலைவருக்கு ஒரு பிரதி. நாங்களும் எழுத்தில பதில் தருவம்." கேட்பதற்குக் கடுமையாக இருக்கலாம். ஆனால் இதைச் சிரித்த முகத்தோடு சொல்லலாம், தேத்தண்ணி கொடுத்துக்கொண்டும் சொல்லலாம். போன் எடுத்தவர்களில் ஒருவரும் கடிதம் தரவில்லை. தன் பெயரை ஒரு தாளின் அடியில் எழுத வேண்டி வரும்போது மனிதர் தன் ஆட்சேபனையைத் திரும்ப ஒருமுறை நிறுத்துப் பார்க்கிறார். ஒவ்வொரு அழைப்புக்கும் திகதி, நேரம், சொன்னதன் சாரம் என்று ஒரு கொப்பியில் நூலக அக்கா குறித்து வைத்தார். அந்தக் கொப்பியைக் காட்ட வேண்டி வரவே இல்லை. ஆனால் அது இருந்தபடியால்தான் "பல தரப்பிலயிருந்தும் எதிர்ப்பு வருகுது" என்று நிறுவனத்துக்குள் பேச்சு வந்தபோது, "பல தரப்பு எண்டால் இத்தனை அழைப்பு, அழைச்ச ஆக்களிட்டயிருந்து ஒரு கடிதமும் இல்லை" என்று சொல்ல முடிந்தது.

கடிதம் தந்தது ஒரே ஒரு தரப்பு. மாணவர்கள். அதுவும் பெயர், பதிவிலக்கம், கையெழுத்தோடு. எனக்கு அது பெருமையாக இருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். அவர்களுடைய வாதம் வலுவானது: "ஒக்டோபர் 30 என்றால் எங்கள் வீடுகளில் 1995 இடப்பெயர்வுதான். அன்று எங்கள் தாத்தா அம்மம்மா எல்லாரும் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அதைப் பற்றி ஒரு கூட்டமும் நடத்தாமல் இதை மட்டும் நடத்துவது ஏன்?" உண்மைதான், இரண்டு இடப்பெயர்வுக்கும் ஒரே திகதி, நடுவில் ஐந்தே வருடம். இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைத்துவிடுங்கள் என்று மேலிடத்தில் ஆலோசனை வந்தது. அதை நான் ஏற்கவில்லை. ஒரே மேசையில் வைத்தால் இரண்டு மணித்தியாலமும் எது பெரிய துயரம் என்ற கணக்கிலேயே போய்விடும், வந்த பேச்சாளர் தன் பக்கத்துக்கு வழக்கறிஞராக மாறிவிடுவார். அதனால் பதில் இப்படிப் போனது: இந்தக் கூட்டம் அறிவித்தபடி நடக்கும்; 1995 பற்றி அடுத்த கிழமை மாணவர்களே ஒரு கூட்டம் நடத்தலாம், அதே மண்டபம், அதே ஒலிபெருக்கி, அதே தேத்தண்ணிச் செலவு; பேச்சாளரை அவர்களே தெரியலாம்; இந்தக் கூட்டத்தின் முதல் மூன்று கேள்விகளும் கடிதத்தில் கையெழுத்து வைத்தவர்களுக்கு. பதாகை பிடிக்க விரும்பினால் மண்டபத்தின் பின்வரிசையில் பிடிக்கலாம், வாசலை மறிக்கக் கூடாது. பேச்சாளர் எதையும் முன்கூட்டியே வாபஸ் வாங்கத் தேவையில்லை.

இந்தக் கடைசி வரிக்காகத்தான் நிறுவனத்துக்குள் அதிகம் பேச வேண்டியிருந்தது. "அவர் ஒரு விளக்கம் குடுத்தால் பிரச்சினை முடிஞ்சுதே" என்று நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். முடியாது. பேசுவதற்கு அனுமதிக் கட்டணமாக ஒருவர் தன் கருத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்றால், அடுத்த முறை கட்டணம் கூடும். அவரிடம் நாங்கள் கேட்டது மூன்றே விஷயம்: நேரத்துக்குள் பேசுவது, கேள்விக்கு நிற்பது, முழுவதையும் ஒலிப்பதிவு செய்யச் சம்மதம். ஒலிப்பதிவு முக்கியம். கூட்டம் முடிய, நாற்பது செக்கன் துண்டு ஒன்று எப்படியும் சுற்றும். முழுப் பதிவு கையில் இருந்தால் அன்றிரவே அந்தத் துண்டுக்கு முன்னும் பின்னும் அவர் என்ன சொன்னார் என்று எழுதலாம். இல்லாவிட்டால் அந்தத் துண்டுதான் கூட்டம்.

தலைமை தாங்கியது வரலாற்று அண்ணை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சர்ச்சையான கூட்டத்துக்குப் பேச்சாளரோடு ஒத்த கருத்துள்ளவரைத் தலைவராகப் போடாதீர்கள். அண்ணைக்கு 1990 பற்றி எங்களைவிட வேறு பார்வை உண்டு, அதை ஊரும் அறியும். அதனாலேயே ஒருவர் எழுந்து நின்று கத்தியபோது "தம்பி, இரும், உமக்கு மைக் வரும்" என்று அவர் சொன்னது எடுபட்டது. நான் சொல்லியிருந்தால் மண்டபம் இரண்டாகியிருக்கும். கூட்டம் இனிமையாக முடிந்தது என்று எழுதமாட்டேன். சிலர் எழும்பிப் போனார்கள். ஒரு கேள்விக்குப் பேச்சாளர் சரியான பதில் சொல்லவில்லை என்பது என் எண்ணம். கையெழுத்து வைத்த மாணவி ஒருத்தி கேட்டது மட்டும் எல்லோரையும் அமர்த்தியது: திரும்பி வந்தபோது உங்கள் பழைய வீட்டில் யார் இருந்தார்கள், அவர்களோடு எப்படிப் பேசினீர்கள் என்று. பாதிக் கேள்வி நேரம் அதிலேயே போனது. மாணவர்களின் 1995 கூட்டத்துக்கு எங்கள் கூட்டத்தைவிடக் கூட்டம் வந்தது, வர வேண்டியதும்தான்.

இரண்டாவது கதை சின்னது. வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து இன்னும் விடுபடாத காணிகள் பற்றிய கூட்டம். இம்முறை ஊரில் இருந்து ஒரு முறைப்பாடும் இல்லை. சாதாரண உடையில் வந்தவர் கந்தோர் வாசலில் நின்று, வருபவர்களின் பெயர்ப் பட்டியல் கிடைக்குமா என்று மரியாதையாகக் கேட்டார். எங்களிடம் இருந்த பதில் அதேதான்: உங்கள் பெயர், பதவி, எந்த அலுவலகம், என்ன நோக்கம் என்று நிறுவனத் தலைவருக்குக் கடிதமாகத் தாருங்கோ. தனியாக நின்று சொல்லாமல், இருவராக நின்று சொன்னோம். அவர் தலையாட்டிவிட்டு, நான் முதலில் எழுதிய அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் நடந்தது. அதற்குப் பிறகு வரவுப் புத்தகத்தில் தொலைபேசி இலக்கமும் முகவரியும் கேட்பதை நிறுத்திவிட்டோம். தலை எண்ணினால் போதும். சேர்க்காத பட்டியலை யாரும் கேட்க முடியாது. வந்தவர் திரும்பத் திரும்ப வந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம். அவர்களின் அவசர அழைப்பு இலக்கம் 1996. மாணவர்களுக்கு இதை முதல் வருடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சட்டம் பற்றியும் கொஞ்சம். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை எல்லாப் பிரஜைக்கும் பேச்சுச் சுதந்திரம் தருகிறது. 15ஆம் உறுப்புரை அதற்கு வேலி போடுகிறது. 1983இன் ஆறாம் திருத்தம் தனிநாட்டை ஆதரிப்பதையே தடுக்கிறது. இவற்றோடு 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், 2007இன் ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம், இணையப் பதிவுகளுக்கான 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். வெறுப்புப் பேச்சிலிருந்து சிறுபான்மையைக் காக்க வேண்டிய ஐசிசிபிஆர் சட்டத்தின் கீழ்த்தான் 2019இல் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காகச் சிறையில் இருந்தார். மன்னாரில் ஆசிரியராக இருந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தன் தமிழ்க் கவிதைகளுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி, 2021 டிசெம்பரில்தான் பிணையில் வந்தார்; பின்னர் விடுதலையானார். இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. எங்கள் கூட்டங்களில் பேசுபவர்கள் முடிந்தவரை எழுதி வைத்துப் பேசும்படி கேட்கிறோம், அந்தப் பிரதியில் ஒன்று கோப்பில் இருக்கும். பின்னால் யாராவது "அவர் இப்படிச் சொன்னார்" என்றால் காட்ட ஒரு தாள் வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் அடிக்கடி காண்கிறேன். கல்விச் சுதந்திரம் என்றால் விரிவுரையாளர் வகுப்பில் எதையும் பேசலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். யுனெஸ்கோ 1997இல் உயர்கல்வி ஆசிரியர்கள் பற்றி ஏற்றுக்கொண்ட பரிந்துரை அந்தச் சுதந்திரத்தோடு கடமைகளையும் சேர்த்தே சொல்கிறது. நான் என்ன படிப்பிக்கிறேன், எந்த ஆதாரத்தில் படிப்பிக்கிறேன் என்று என் துறையினர் கேட்கலாம், பீடச் சபையில் கேட்கலாம், மாணவர் கேட்கலாம். போனில் வந்தவர் கேட்க முடியாது. வகுப்பில் என் சொந்த அரசியலைச் சொல்ல நேர்ந்தால், இது என் அபிப்பிராயம், பரீட்சையில் இதற்கு மாறாக எழுதினாலும் புள்ளி குறையாது என்று சேர்த்துச் சொல்வேன். சொல்வதோடு விடாமல், அப்படி மாறாக எழுதிய விடைத்தாள்களை இரண்டாம் பரீட்சகரிடம் கொடுப்பேன்.

உண்மையில் அதிகம் அடிபடுவது மேடைப் பேச்சல்ல, இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுதான். மேடைக்கு நான்கு பேர் துணைக்கு வருவார்கள். ஆய்வு செய்யும் பிள்ளை தனியாகத்தான் சைக்கிளில் போகிறாள். என் மேற்பார்வையில் ஒரு மாணவி தன் அயலூரில் கோயில் உரிமையும் சாதியும் பற்றி எழுதினாள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்ததும், சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டதும் அவளுக்குப் புத்தகத்தில் கிடைத்தன. ஊரில் கிடைத்தவை வேறு. மூன்றாவது நேர்காணல் முடிய அவளுடைய அப்பாவுக்குப் போன் வந்தது. "பிள்ளை படிக்கிறதை விட்டிட்டு ஏன் ஊருக்குள்ள குழப்பம் செய்யுது?" இங்கே இராணுவமும் இல்லை, இயக்கமும் இல்லை. எங்கள் ஆட்கள்தான்.

அப்பாவோடு நானே போய்ப் பேசினேன். ஆய்வு அவளுடைய தனி விருப்பமல்ல, துறை அங்கீகரித்தது என்று தலைப்பெழுதிய கடிதம் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். அடுத்த அழைப்புக்கு அவர் அந்தக் கடிதத்தைத்தான் வாசித்துக் காட்டினாராம். இப்போது என் மாணவர்கள் எல்லோரும் களத்துக்குப் போக முதல் அந்தக் கடிதத்தோடுதான் போகிறார்கள். ஒலிப்பதிவுகள் போனில் இருப்பதில்லை, எழுத்தாக்கியதும் அழித்துவிடுகிறோம். பேட்டி தந்தவர்களுக்கு இலக்கம்தான், பெயர் இல்லை. பெயரும் இலக்கமும் உள்ள தாள் மாணவியிடமும் இருக்காது, மேற்பார்வையாளரின் அலுமாரியில் இருக்கும்.

அவளுடைய ஆய்வில் ஊரின் பெயரும் கோயிலின் பெயரும் இல்லை. வெளிப் பரீட்சகர் அது எந்த ஊர் என்று கேட்கவில்லை. வாசித்துத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார். தேர்முட்டியையும் கேணியையும் அதன் பக்கத்துப் பாடசாலையையும் அவள் அவ்வளவு விளக்கமாக எழுதியிருந்தாள். அந்தப் பந்தியை வெட்டி, மற்றதெல்லாம் அப்படியே நூலகத்துக்குப் போகலாம் என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். வெட்டினோம்.